கீழே நிற்கும் எண்ணைத் தொடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில், வேதிச்சமன்பாடுகளைச் சமன்செய்வது எப்படி என்று ஒரு கட்டுரை வந்திருந்தது. பள்ளிப் பிள்ளைகளை மனதில் வைத்து எளிமையாக எழுதியிருக்கிறார்கள். அந்த எளிமையைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதில் சொல்லியிருக்கும் இரண்டு விஷயங்கள் தவறு. மூன்றாவது ஒன்று தவறு இல்லை, ஆனால் பாதி உண்மை. என்னைப் பொறுத்தவரை அந்தப் பாதி உண்மைதான் மற்ற இரண்டையும்விட ஆபத்தானது. அதனால் இந்தக் கடிதம் கொஞ்சம் நீளும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் ஆசிரியை அல்ல. வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் ஓய்வு பெறும் வரை ஒரு ரசாயனத் தொழிற்சாலையின் பகுப்பாய்வுக் கூடத்தில் இருந்தவள். திரவத்தை அளந்து விடும் பியூரெட், பிப்பெட் குழாய்களும் தராசும்தான் என் உலகம். சமன்பாட்டில் ஒரு எண் பிசகினால் பரீட்சையில் ஒரு மதிப்பெண் போகும், அவ்வளவுதான். எங்கள் கூடத்தில் பிசகினால் டேங்கர் லாரியில் தவறான லேபிள் ஒட்டிக்கொண்டு போகும். அந்தப் பழக்கத்தில் எழுதுகிறேன்.

முதலில் அச்சைப் பற்றி ஒரு வார்த்தை. கட்டுரையில் எல்லா எண்களும் ஒரே உயரத்தில் அச்சாகியிருந்தன. வாய்பாட்டின் முன்னால் பெரிதாக நிற்க வேண்டிய 2, எழுத்தின் காலடியில் சிறிதாக நிற்க வேண்டிய 2, இரண்டுக்கும் வித்தியாசமே தெரியவில்லை. இந்தக் கடிதத்துக்கும் அதே கதி நேரக்கூடாது என்பதால் குறியீடுகளை விட்டுவிட்டு எல்லாவற்றையும் சொற்களிலேயே எழுதுகிறேன். வாய்பாட்டுக்கு முன்னால் வருவதை முன்னெண் என்றும், எழுத்தின் கீழே வருவதைக் கீழெண் என்றும் சொல்கிறேன். பாடநூல் முன்னெண்ணைக் கெழு என்று சொல்லும்.

அச்சுக் கோளாறு என்று இதை விட்டுவிட முடியாததற்குக் காரணம், கட்டுரையின் முதல் எடுத்துக்காட்டிலேயே அந்தக் குழப்பம் புகுந்துவிட்டதுதான். ஹைட்ரஜன் மூலக்கூறு ஒன்றும் ஆக்சிஜன் மூலக்கூறு ஒன்றும் சேர்ந்து நீர் மூலக்கூறு ஒன்று உண்டாகிறது என்று எழுதிவிட்டு, "வலப்பக்கம் ஓர் ஆக்சிஜன் குறைகிறது, எனவே ஆக்சிஜனுக்கு அருகில் 2 போட வேண்டும்" என்கிறது கட்டுரை. போட்டால் என்ன ஆகும்? இடப்பக்கம் இரண்டு ஹைட்ரஜன் அணு, இரண்டு ஆக்சிஜன் அணு. வலப்பக்கமும் அதேதான். கணக்கு அழகாகச் சரியாகிவிட்டது. ஆனால் வலப்பக்கம் இப்போது இருப்பது நீர் அல்ல, ஹைட்ரஜன் பெராக்சைடு. காயம் கழுவ 3 சதவீதக் கரைசலாகக் கிடைப்பதும், 30 சதவீதத்தில் தோலில் பட்டால் வெள்ளையாக வெந்துபோகச் செய்வதும் அதுதான். நீர் 100 டிகிரியில் கொதிக்கும். பெராக்சைடின் கொதிநிலை 150 டிகிரி என்று சொல்வார்கள், ஆனால் அந்தச் சூட்டை அடைவதற்குள்ளேயே வேகமாகச் சிதைந்து ஆக்சிஜனைக் கக்கும். ஒரு சின்ன எண்ணை ஓரிடத்தில் போட்டதில் பொருளே மாறிவிட்டது.

முன்னெண் எத்தனை மூலக்கூறு என்று சொல்கிறது. கீழெண் அது என்ன பொருள் என்று சொல்கிறது. எத்தனை என்பதை நாம் மாற்றலாம், என்ன என்பதை மாற்ற நமக்கு உரிமை இல்லை. ஆகவே சரியான வழி இதுதான்: 2 ஹைட்ரஜன் மூலக்கூறு + 1 ஆக்சிஜன் மூலக்கூறு → 2 நீர் மூலக்கூறு. எடையில் சொன்னால், 4 கிராம் ஹைட்ரஜனும் 32 கிராம் ஆக்சிஜனும் சேர்ந்து 36 கிராம் நீர்.

நீரின் கீழெண்ணைத் தெரிந்துகொள்ள உலகத்துக்கு அரை நூற்றாண்டு பிடித்தது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொன்னால், அதைப் பென்சிலால் திருத்தக் கை கூசும். 1808ல் ஜான் டால்டன் தம் அணுக்கொள்கையை நூலாக வெளியிட்டபோது நீரை ஒரு ஹைட்ரஜன் அணுவும் ஓர் ஆக்சிஜன் அணுவும் சேர்ந்தது என்றே வைத்தார். இரண்டு தனிமங்கள் சேர்ந்து ஒரே ஒரு சேர்மம்தான் தெரிந்திருக்கிறது என்றால் ஒன்றுக்கு ஒன்று என்று வைத்துக்கொள்வோம் என்பது அவருடைய விதி. அன்றைக்கு அது நியாயமாகத்தான் பட்டது, ஏனென்றால் ஹைட்ரஜன் பெராக்சைடை யாரும் பார்த்திருக்கவில்லை. தெனார் அதைக் கண்டுபிடித்தது 1818ல். (உங்கள் கட்டுரையின் "நீர்" பிறந்த ஆண்டு அதுதான்!) இதற்கிடையில் கே-லுசாக் வாயுக்களின் கனஅளவை அளந்து, இரண்டு பங்கு ஹைட்ரஜனும் ஒரு பங்கு ஆக்சிஜனும் சேர்ந்தால் இரண்டு பங்கு நீராவி வருகிறது என்று காட்டினார். டால்டன் ஏற்கவில்லை. ஒரு பங்கு ஆக்சிஜன் இரண்டு பங்கு நீராவிக்குள் எப்படிப் போய் உட்காரும்? ஆக்சிஜன் துகள் இரண்டாகப் பிளந்தால்தானே முடியும்? அணு பிளக்காதே!

1811ல் அவகாட்ரோ அந்த முடிச்சை அவிழ்த்தார். ஆக்சிஜன் வாயுவின் துகள் என்பது தனி அணு அல்ல, இரண்டு அணுக்கள் சேர்ந்த மூலக்கூறு. பிளப்பது மூலக்கூறுதான், அணு அல்ல. இன்று ஒரு வரியில் சொல்லிவிடுகிறோம், அன்று யாரும் காது கொடுக்கவில்லை. 1860ல் கார்ல்ஸ்ரூ நகரில் வேதியியலாளர்கள் கூடிய மாநாட்டில் கன்னிசாரோ அவகாட்ரோவின் கருத்தை மறுபடி எடுத்துவைத்து வாதாடிய பிறகுதான் நிலைமை மாறத் தொடங்கியது. அவகாட்ரோ அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே காலமாகிவிட்டார். அதுவரை ஆளுக்கொரு வாய்பாடு எழுதிக்கொண்டிருந்தார்கள். நீரை ஒன்றுக்கு ஒன்று என்று வைத்தால் ஆக்சிஜனின் அணு எடை 16 அல்ல, 8 என்று வரும். ஒரு கீழெண் தவறினால் அணு எடைப் பட்டியலே தடம் புரளும். இத்தனை பேர் அளந்தும் சண்டையிட்டும் நிலைநாட்டிய எண்ணை "அருகில் ஒரு 2 போட்டு" மாற்றுவதா?

இரண்டாவது தவறு: "இருபக்கமும் மூலக்கூறுகளின் எண்ணிக்கை சமமாக இருக்க வேண்டும்" என்று தடித்த எழுத்தில் கட்டம் கட்டிப் போட்டிருக்கிறார்கள். சமமாக இருக்க வேண்டியது மூலக்கூறுகள் அல்ல, ஒவ்வொரு தனிமத்தின் அணுக்கள். மேலே நீர் உண்டான கணக்கைப் பாருங்கள்: இடப்பக்கம் மூன்று மூலக்கூறு, வலப்பக்கம் இரண்டு. அம்மோனியா தயாரிப்பில் இன்னும் பளிச்சென்று தெரியும். ஒரு நைட்ரஜன் மூலக்கூறும் மூன்று ஹைட்ரஜன் மூலக்கூறும் சேர்ந்து இரண்டு அம்மோனியா. நான்கு போய் இரண்டு. எடை மட்டும் 28 கிராமும் 6 கிராமும் சேர்ந்து 34 கிராம், துளியும் குறையாது.

இந்த "நான்கு போய் இரண்டு" என்பதில் ஒரு தொழிலே அடங்கியிருக்கிறது. வாயுக்களில் மூலக்கூறு எண்ணிக்கை பாதியானால், அதே வெப்பத்திலும் அழுத்தத்திலும் கனஅளவும் பாதியாகும். ஆகவே அழுத்தத்தை ஏற்றினால் வினை, இடம் குறைவாகப் பிடிக்கும் பக்கத்துக்கு, அதாவது அம்மோனியா பக்கத்துக்குச் சாயும். அம்மோனியாவை ஆலையில் தயாரிக்க வழிகண்ட ஃபிரிட்ஸ் ஹேபரும் கார்ல் போஷும் அத்தனை கனமான எஃகுக் கலன்களோடு மல்லுக்கட்டியது இதற்காகத்தான். 1913ல் ஜெர்மனியின் ஒப்பாவ் நகரில் தொடங்கிய ஆலை காற்று மண்டலத்தைப் போல 200 மடங்கு அளவிலான அழுத்தத்தில் ஓடியது. மூலக்கூறு எண்ணிக்கை இருபக்கமும் சமமாக இருந்தாக வேண்டும் என்று நம்பும் பிள்ளைக்கு அந்தக் கலன் ஏன் அவ்வளவு தடிமன் என்று புரியவே புரியாது.

எடை ஏன் குறையாது என்பதைக் கட்டுரை ஒரே வாக்கியத்தில், "பொருண்மை அழியா விதிப்படி" என்று முடித்துவிட்டது. விதி என்றால் யாரோ உட்கார்ந்து போட்ட சட்டம் என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள். தராசில் வைத்துப் பார்த்து வந்த முடிவு அது. கண்ணுக்கோ நேர்மாறாகத்தான் தெரியும். விறகு எரிந்தால் கைப்பிடி சாம்பல்தான் மிஞ்சுகிறது, எடை எங்கே போனது? இரும்பு துருப்பிடித்தால் கனம் கூடுகிறது, அது எங்கிருந்து வந்தது? லவாய்சியர் செய்த பெரிய காரியம், மூடிய கலத்துக்குள் வினையை நடத்தி, உள்ளே போன வாயுவையும் வெளியே வந்த வாயுவையும் கணக்கில் சேர்த்ததுதான். நான்கு இரும்பு அணுவும் மூன்று ஆக்சிஜன் மூலக்கூறும் சேர்ந்து இரண்டு இரும்பு ஆக்சைடு. 224 கிராம் இரும்பு, 96 கிராம் ஆக்சிஜன், 320 கிராம் ஆக்சைடு. கூடிய கனம் காற்றிலிருந்து வந்தது. (உண்மையான துருவில் நீரும் கட்டுண்டு இருக்கும். பாடநூல் அதைக் கண்டுகொள்வதில்லை, நானும் இங்கே விட்டுவிடுகிறேன்.)

"ஐன்ஸ்டைனுக்குப் பிறகு பொருண்மை அழியும் என்கிறார்களே" என்று யாராவது ஒரு வாசகர் எழுதுவார், அவருக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். 36 கிராம் நீர் உண்டாகும்போது வெளிவரும் வெப்பம் சுமார் 572 கிலோஜூல். அதற்கு ஈடான பொருண்மை, ஒரு கிராமை நூறு கோடிப் பங்காக்கினால் அதில் ஆறு பங்கு சொச்சம். எங்கள் தராசு அதை அறியாது. எந்த வேதியியல் கூடத்தின் தராசும் அறியாது.

இனி அந்தப் பாதி உண்மைக்கு வருகிறேன். "இருபக்கமும் எண்ணிக்கை சரியாகிவிட்டால் சமன்பாடு சரி" என்று கட்டுரை முடிகிறது. ஒரு குறுக்கெழுத்துப் புதிரைப் போல, கட்டங்கள் நிரம்பினால் வேலை முடிந்தது என்ற தொனி. எண்ணிக்கை சரியாகாத சமன்பாடு நிச்சயமாகத் தவறு. ஆனால் எண்ணிக்கை சரியான சமன்பாடு சரியாக இருந்தாக வேண்டும் என்று யார் சொன்னது?

தாமிரத்தோடு ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்ந்து தாமிர குளோரைடும் ஹைட்ரஜனும் வரும் என்று எழுதிப் பாருங்கள். ஒரு தாமிரம், இரண்டு அமிலம், ஒரு குளோரைடு, ஒரு ஹைட்ரஜன். அருமையாகச் சமன் ஆகும். ஆனால் தாமிரத் துண்டை அந்த அமிலத்தில் போட்டுவிட்டு எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் ஒரு ஹைட்ரஜன் குமிழிகூட வராது. துத்தநாகத்தைப் போட்டால் புசுபுசுவென்று வரும். காகிதத்துக்கு இந்த இரண்டு உலோகங்களுக்கும் வித்தியாசம் தெரியாது.

அதே தாமிரத்தை நைட்ரிக் அமிலத்தில் போட்டால் கரையும். அங்கே வேறொரு வேடிக்கை. அடர் அமிலமென்றால் ஒரு தாமிரத்துக்கு நான்கு அமிலம் செலவாகி, செம்பழுப்பு நிறத்தில் நைட்ரஜன் டைஆக்சைடு குபுகுபுவென்று கிளம்பும். நீர்த்த அமிலமென்றால் மூன்று தாமிரத்துக்கு எட்டு அமிலம், வருவது நிறமற்ற நைட்ரிக் ஆக்சைடு. அது காற்றைத் தொட்ட பிறகுதான் பழுப்பாகும். பொருள்கள் அவையேதான், செறிவு மட்டும் வேறு. இரண்டு சமன்பாடுகளும் சமன் ஆகின்றன. எது நடக்கிறது என்று சொல்வது குடுவை, காகிதம் அல்ல.

உயிரோடு விளையாடும் எடுத்துக்காட்டு வேண்டுமென்றால் மீத்தேன் எரிவதைச் சொல்லலாம். ஒரு மீத்தேனுக்கு இரண்டு ஆக்சிஜன் கிடைத்தால் கார்பன் டைஆக்சைடும் நீரும் வரும். அதாவது 16 கிராம் மீத்தேனுக்கு 64 கிராம் ஆக்சிஜன். காற்றில் ஆக்சிஜன் ஐந்தில் ஒரு பங்கு சொச்சமே இருப்பதால், ஒரு லிட்டர் மீத்தேன் முழுதாக எரிய ஒன்பதரை லிட்டர் காற்று வேண்டும். காற்று போதவில்லையென்றால் இரண்டு மீத்தேனுக்கு மூன்று ஆக்சிஜன் என்ற கணக்கில் கார்பன் மோனாக்சைடு வரத் தொடங்கும். நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது, ஆளைக் கொல்லும். இதுவும் கச்சிதமாகச் சமன்செய்த சமன்பாடுதான்.

ஆனாலும் எனக்கு மிகவும் நெருக்கமானது பெர்மாங்கனேட் கணக்கு. ஹைட்ரஜன் பெராக்சைடின் செறிவை நாங்கள் அதை வைத்துத்தான் பார்ப்போம். மாதிரியைத் துல்லியமாக எடைபோட்டு நீர்க்கச் செய்து, அதில் ஓர் அளவை கோனிகல் குடுவையில் எடுத்து, நீர்த்த கந்தக அமிலம் சேர்த்து, பியூரெட்டிலிருந்து ஊதா நிறப் பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். முதல் சில சொட்டுகள் சோம்பலாக நிறமிழக்கும். பிறகு விழுந்த மாத்திரத்தில் நிறம் போய்விடும். கடைசியில் ஒரு சொட்டின் இளஞ்சிவப்பு குலுக்கியும் போகாமல் நின்றுவிடும், அங்கே நிறுத்திவிட வேண்டும். தனி நிறங்காட்டி தேவையில்லை, பெர்மாங்கனேட்டே தன் முடிவைத் தானே சொல்லிவிடும். செலவான பெர்மாங்கனேட்டின் அளவிலிருந்து பெராக்சைடின் அளவைக் கண்டுபிடிக்க ஒரே ஒரு விகிதம்தான் வேண்டும்: 2 பெர்மாங்கனேட்டுக்கு 5 பெராக்சைடு.

புதிதாக வேலைக்கு வந்திருந்த ஒரு பையன், பட்டம் வாங்கியவன், சுறுசுறுப்பானவன், ஒருநாள் இந்தச் சொட்டுச் சோதனையை, அதாவது டைட்ரேஷனை, முடித்துவிட்டு ஓடி வந்தான்.

"மேடம், இந்த டிரம் லேபிள் தப்பு. முப்பது சதவீதம்னு போட்டிருக்கு. எனக்கு ஆறுதான் வருது."

பியூரெட் அளவைப் பார்த்தேன், அதில் பிழையில்லை. "சமன்பாட்டை எழுதிக் காட்டு தம்பி" என்றேன்.

எழுதினான். 2 பெர்மாங்கனேட், 1 பெராக்சைடு, 3 கந்தக அமிலம். அந்தப் பக்கம் 1 பொட்டாசியம் சல்பேட், 2 மாங்கனீஸ் சல்பேட், 4 நீர், 3 ஆக்சிஜன்.

"எண்ணிப் பாருங்க மேடம், ரெண்டு பக்கமும் சரியாத்தானே இருக்கு?"

எண்ணினேன். பொட்டாசியம் 2, மாங்கனீஸ் 2, கந்தகம் 3, ஹைட்ரஜன் 8, ஆக்சிஜன் 22. இந்தப் பக்கமும் அதே, அந்தப் பக்கமும் அதே. கட்டுரையாளரின் அளவுகோலில் அவனுக்கு முழு மதிப்பெண். ஆனால் டிரம்மில் இருந்தது 30 சதவீதம்தான். 5 வர வேண்டிய இடத்தில் 1 வந்ததால் விடை ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. 6 சதவீதம் என்று நம்பி யாராவது கையுறை இல்லாமல் அந்த டிரம்மைத் திறந்திருந்தால்?

இதில் அவன் கவனக்குறைவு என்று எதுவும் இல்லை. பெராக்சைடை 1 என்று வைத்தாலும் சமன் ஆகும், 3 என்று வைத்தாலும் ஆகும், 5, 7 என்று வைத்தாலும் ஆகும். நீரையும் ஆக்சிஜனையும் ஏற்றிக்கொண்டே போக வேண்டியதுதான், இதற்கு முடிவே இல்லை. பெராக்சைடு தானாகவே நீராகவும் ஆக்சிஜனாகவும் சிதையக்கூடியது என்பதால், அந்தச் சிதைவுக் கணக்கை இதன்மேல் எத்தனை முறை கூட்டினாலும் கழித்தாலும் அணு எண்ணிக்கை சரியாகவே இருக்கும். அப்படியென்றால் ஏன் 5?

எலக்ட்ரான்களை எண்ணினால் தெரியும். பெர்மாங்கனேட்டில் மாங்கனீஸின் ஆக்சிஜனேற்ற எண் (எத்தனை எலக்ட்ரானை இழந்ததாகக் கணக்கு வைக்கிறோமோ அந்த எண்) +7. வினை முடிவில் +2. ஒவ்வொன்றும் 5 எலக்ட்ரான்களை வாங்குகிறது. கொடுப்பது பெராக்சைடு, ஒரு மூலக்கூறு ஆக்சிஜன் வாயுவாக மாறும்போது 2 எலக்ட்ரான்கள். வாங்கியதும் கொடுத்ததும் சரியாக வேண்டுமென்றால் இரண்டு மாங்கனீஸுக்கு ஐந்து பெராக்சைடு, 10க்கு 10. பையன் எழுதிய சமன்பாட்டில் பெராக்சைடு 2 எலக்ட்ரான்தான் தருகிறது. மீதி 8ஐ யார் தருவது? மூன்று ஆக்சிஜன் மூலக்கூறில் ஒன்றுதான் பெராக்சைடிலிருந்து வர முடியும், மற்ற இரண்டும் பெர்மாங்கனேட்டின் ஆக்சிஜனோ நீரின் ஆக்சிஜனோ எலக்ட்ரான் இழந்து வந்தாக வேண்டும். அப்படி நடப்பதில்லை. எடை கூடிய ஆக்சிஜன் அணுவை (ஐசோடோப்பு என்பார்கள்) அடையாளமாக வைத்துப் பார்த்ததில், வெளிவரும் ஆக்சிஜன் முழுவதும் பெராக்சைடிலிருந்தே வருவது உறுதியாகியிருக்கிறது.

அதற்குப் பிறகு எங்கள் கூடத்துக்குப் புதிதாக யார் வந்தாலும் நான் கேட்கும் முதல் கேள்வி, "அந்த 5 எங்கிருந்து வந்தது?" என்பதாகிவிட்டது. பெரும்பாலோர் 2, 5, 3 என்று மனப்பாடமாக ஒப்பிப்பார்கள். கேள்வி அது இல்லை.

ஒளிச்சேர்க்கைக்கும் இதே ஐசோடோப்பு உதவியிருக்கிறது. கட்டுரையில் 6 கார்பன் டைஆக்சைடு, 6 நீர், அந்தப் பக்கம் 1 குளுக்கோஸ், 6 ஆக்சிஜன் என்று கொடுத்திருக்கிறார்கள். சமன் ஆகிறது, பாடநூல்களிலும் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் வெளிவரும் ஆக்சிஜன் நீரிலிருந்து வருகிறது என்று 1941ல் சாமுவேல் ரூபன், மார்ட்டின் கேமன் ஆகியோரின் சோதனை காட்டியது. 6 ஆக்சிஜன் மூலக்கூறில் 12 அணு இருக்கிறது, 6 நீரில் 6 ஆக்சிஜன் அணுதான் இருக்கிறது. பற்றவில்லையே? அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் இடப்பக்கம் 12 நீர், வலப்பக்கம் குளுக்கோஸோடும் ஆக்சிஜனோடும் 6 நீர் என்று எழுதுவார்கள். இரண்டு பக்கமும் நீர் வருகிறதே, அடித்துவிடலாமே என்று கணக்கு வாத்தியாருக்குக் கை துறுதுறுக்கும். அடித்துவிட்டால் நடந்தது என்ன என்பதும் அதோடு போய்விடும்.

அயனிகள், அதாவது மின்சுமை கொண்ட அணுக்களோ அணுத்தொகுதிகளோ வந்தால் அணுக்களின் எண்ணிக்கை மட்டும் போதாது, மின்சுமையும் சரியாக வேண்டும். கட்டுரை இதைத் தொடவே இல்லை. துத்தநாகத் தகட்டை வெள்ளி நைட்ரேட் கரைசலில் வைத்தால் வெள்ளி படியும். ஒரு துத்தநாகமும் ஒரு வெள்ளி அயனியும் சேர்ந்து ஒரு துத்தநாக அயனியும் ஒரு வெள்ளியும் என்று எழுதினால் அணுக்கள் சரி. ஆனால் வெள்ளி அயனிக்குச் சுமை +1, துத்தநாக அயனிக்கு +2. இரண்டு வெள்ளி அயனி வேண்டும்.

முறை பற்றியும் ஓரிரு வார்த்தை. "ஹைட்ரஜனில் தொடங்கி இடமிருந்து வலமாகப் போக வேண்டும்" என்று கட்டுரை சொல்வதற்கு எந்த அவசியமும் இல்லை. இருபக்கமும் ஒரே ஒரு சேர்மத்தில் மட்டும் இருக்கும் தனிமத்தில் தொடங்குங்கள். தனித்து நிற்கும் ஆக்சிஜன், ஹைட்ரஜன், உலோகம் ஆகியவற்றைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அவற்றின் முன்னெண்ணை மாற்றினால் வேறெதுவும் கலையாது. சல்பேட், நைட்ரேட் போன்றவை உடையாமல் மறுபக்கம் போனால் அணு அணுவாக உடைத்து எண்ணாமல் ஒரே தொகுதியாக எண்ணுங்கள். பின்னம் வந்தால் பதற வேண்டாம். பியூட்டேன் எரிவதற்கு ஆறரை ஆக்சிஜன் என்றுதான் முதலில் வரும், முழுவதையும் இரண்டால் பெருக்கினால் 2 பியூட்டேன், 13 ஆக்சிஜன், அந்தப் பக்கம் 8 கார்பன் டைஆக்சைடு, 10 நீர் என்று சரியாகிவிடும். கட்டுரை "பின்னம் எழுதுவது தவறு" என்று அடித்துச் சொல்கிறது. அரை மூலக்கூறு கிடையாதுதான், ஆனால் அரை மோல் தாராளமாக உண்டு (மோல் என்பது டஜன் போல, மூலக்கூறுகளை எண்ண வைத்திருக்கும் ஒரு மிகப் பெரிய எண்ணிக்கை). ஒரு மோல் நீர் உண்டாகும் வெப்பம் 286 கிலோஜூல் என்று எழுதும் இடத்தில் எல்லோரும் அரை ஆக்சிஜன் என்றுதான் எழுதுகிறார்கள்.

என் கோரிக்கை சிறியது. தடித்த எழுத்தில் கட்டம் கட்டிப் போட்ட அந்த வரிக்குத் திருத்தம் வெளியிடுங்கள், அதையும் அதே தடித்த எழுத்தில். "இருபக்கமும் ஒவ்வொரு தனிமத்தின் அணுக்களும், அயனிகள் இருந்தால் மொத்த மின்சுமையும் சமமாக இருக்க வேண்டும். மூலக்கூறுகளின் எண்ணிக்கை சமமாக இருக்க வேண்டியதில்லை. சமன்செய்யும்போது கீழெண்களை மாற்றக்கூடாது" என்று போட்டால் போதும். நீர் எடுத்துக்காட்டை 2, 1, 2 என்று திருத்துங்கள். அச்சில் கீழெண்களைச் சிறிதாகப் போட வசதியில்லையென்றால், நான் எழுதியிருப்பதுபோலச் சொற்களில் எழுதச் சொல்லுங்கள். இடம் கூடுதலாகப் பிடிக்கும், தவறு குறையும். அடுத்த முறை சமன்பாடுகளைப் பற்றி எழுதும்போது ஒவ்வொன்றின் கீழும் எத்தனை கிராம் எதனோடு சேர்ந்து எத்தனை கிராம் ஆனது என்று ஒரு வரியும், குடுவையில் கண்ணுக்கு என்ன தெரியும் என்று ஒரு வரியும் சேர்க்கச் சொல்லுங்கள்.

பயிற்சிக்கு என்று கடைசியில் கொடுத்திருந்த, பழுக்கக் காய்ச்சிய இரும்பின்மேல் நீராவியைச் செலுத்தும் கணக்குக்கு விடை அச்சாகாமல் விட்டுப்போயிருந்தது. காத்திருக்கும் பிள்ளைகளுக்காக: 3 இரும்பு, 4 நீர் → மூன்று இரும்பும் நான்கு ஆக்சிஜனும் கொண்ட கறுப்பு ஆக்சைடு 1, ஹைட்ரஜன் 4. 168 கிராமும் 72 கிராமும் சேர்ந்து 232 கிராமும் 8 கிராமும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொழிற்சாலைப் பகுப்பாய்வாளர் ஒருவர்